கற்றான் என்பதற்குச் சான்று யாது?

சென்ற ஆவணித் திங்களில் ஒரு மாலைப்பொழுது, முன்னர் என்னிடம் பள்ளியிற் பயின்ற மாணவி ஒருத்தி மேலகரத்தில் என் வீடு தேடி வந்தாள். இளங்கலைத் தமிழில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கையில் கல்லூரிப் பாடத்திட்ட நூல் இருந்தது. அதில் யாப்பிலக்கணப் பாடத்தின் தலைப்பில் 'பாட விளைவுகள்' என ஐந்து தொடர்கள் அச்சாகியிருந்தன. மூன்று தமிழில், இரண்டு ஆங்கிலத்தில். முதற்றொடர், 'யாப்பிலக்கணத்தை மாணவர் அறிந்துகொள்வர்' என்பது. அதன் அருகே 'கே2' என்றோர் அடையாளம். அதன் கீழே கட்டங்கள். கட்டங்களுள் 3, 2, 1 என எண்கள்.

அவள் கேட்டாள்: "ஐயா, அறிந்துகொள்வர் என்று போட்டிருக்கிறது. நான் அறிந்துகொண்டேனா இல்லையா என்பதை எப்படி ஐயா தெரிந்துகொள்வது?"

முப்பதாண்டுக்கு அணித்தாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். அவ்வெளிய வினாவிற்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. நாளை வா என்று சொல்லி அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வினா புதிதன்று, ஈராண்டுகட்கு முன்னரே வேறொரு வடிவில் என் திண்ணைக்கு அது வந்திருந்தது.

அப்போது வந்தவன் ஒரு மாணவன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் 92 மதிப்பெண் பெற்றவன், என் வகுப்பினன். கொத்தனாராகிய அவன் தந்தையார் மறைந்துவிட்டார். தாயாருக்கு உதவித்தொகை வேண்டி வட்டாட்சியருக்கு ஒரு மடல் எழுத வேண்டும். அலுவலக வாயிலில் எழுதிக் கொடுப்பவர் 200 உருபா கேட்பதாகச் சொல்லி, "நீங்கள் எழுதித் தாருங்கள் ஐயா" என்று தாளை நீட்டினான். "பொதுத்தேர்வில் மடல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாயே, நீயே எழுதலாகாதா?" என்றேன். அவன் தலைகுனிந்து சொன்னான்: "அது ஊருக்கு நூலகம் வேண்டும் என்று கேட்கிற மடல் ஐயா. எனக்கு அது ஒன்றுதான் தெரியும்."

அச்சொல் என்னைச் சுட்டது. மடல் எழுதும் திறனை யான் அவனுக்குக் கற்பிக்கவில்லை. ஒரு மடலைக் கற்பித்திருந்தேன். அவன் அதனை மனப்பாடம் செய்தான். தேர்வு அம்மனப்பாடத்தை அளந்தது. 92 என்னும் எண் அவனையும் அவன் பெற்றோரையும் என்னையும் ஒருங்கே ஏமாற்றியது. தந்தையை இழந்து நிற்கும் ஒரு தமிழ்ப்பிள்ளை, தன் தாய்க்காகத் தன் தாய்மொழியில் பத்து வரி எழுத மாட்டாமல் நின்றான். பத்தாண்டுத் தமிழ்க் கல்வியின் பயன் இதுதானா?

ஆகலின், 'கற்றல் விளைவு' என்னும் பெயரில் இற்றைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிகழும் முயற்சியைத் தமிழ்ப்பற்றாளர்கள் ஏளனமாக ஒதுக்கிவிடுதல் கூடாது என்பதே யான் இங்குச் சொல்ல வந்தது. அம்முயற்சியின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு இப்போது எழுதப்பெறும் விடைதான் போலி. அவ்விடையை நாமே, நம் மொழியில், நம் மரபறிந்து எழுதுதல் வேண்டும்.

இக்கருத்து வந்த வழி

ஆசிரியர் எதனைக் கற்பிப்பார் என்று எழுதுவது பாடத்திட்டம். மாணவர் கற்றபின் எதனைச் செய்து காட்டுவார் என்று எழுதுவது கற்றல் விளைவு. முன்னது ஆசிரியரை நோக்குவது. பின்னது மாணவரை நோக்குவது. வேறுபாடு இவ்வளவே. ஆயின் இது சிறிய வேறுபாடன்று.

அமெரிக்க நாட்டில் இரால்பு தைலர் என்னும் கல்வியறிஞர் 1949இல் வெளியிட்ட நூலொன்றில், பாடத்தை வகுக்குமுன் மாணவனிடத்தில் நிகழவேண்டிய மாற்றத்தை வரையறுத்துக் கொள்க என்றார். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் அறிவுத்திறனை ஆறு படிகளாக அடுக்கினர். 1962இல் இராபர்ட்டு மேகர் என்பவர், ஒரு விளைவைச் செவ்வனே எழுதுவதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்றார்: மாணவன் செய்யும் செயல், அதனைச் செய்யும் சூழல், எவ்வளவு செய்தால் போதும் என்னும் அளவு. 2001இல் ஆண்டர்சன், கிராத்துவோல் ஆகியோர் தலைமையில் புளூமின் படிகள் திருத்தப்பெற்றன. நினைவுகூர்தல், பொருளுணர்தல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என அவை வினைகளாக்கப்பட்டன. அம்மாணவியின் நூலிற் கண்ட 'கே2' என்பது இவ்வடுக்கின் இரண்டாம் படியைக் குறிப்பது. அதனை அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

இந்தியாவில் 1991இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் குறைந்த அளவுக் கற்றல் நிலைகள் வகுக்கப்பட்டன. 2014இல் பொறியியற் கல்விக்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பு நாடானபின், பொறியியற் கல்லூரிகள் யாவும் விளைவு எழுதத் தொடங்கின. 2017 பிப்பிரவரியில் நடுவணரசு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் நெறிகளைத் திருத்தி, வகுப்புதோறும் பாடந்தோறும் கற்றல் விளைவுகள் வரையப்பெறுதல் வேண்டும் என்றது. அவ்வாண்டே என்.சி.இ.ஆர்.டி. எனப்படும் கல்வி ஆய்வுக் குழுமம் தொடக்கக் கல்விக்குரிய விளைவுகளை நூலாக வெளியிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் என்னும் குழுவும், 2017இல் திருத்திய தன் நெறிகளில், படிப்பின் விளைவுகளையும் பாடத்தின் விளைவுகளையும் கல்லூரிகள் வரைந்து மாணவர்க்கு அறிவிக்க வேண்டும் என்றும், அவை எய்தப்பட்டனவா என்று காட்ட வேண்டும் என்றும் கேட்கத் தொடங்கியது. பின்னர்ப் பல்கலைக்கழக நல்கைக் குழுவும் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமும் அவ்வழியிலேயே பாடத்திட்ட வரைச்சட்டங்களை வெளியிட்டன. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு அவை இவ்வாறே வந்து சேர்ந்தன.

நம் பள்ளிப் பாடநூல்களிலும் இதன் சாயல் உண்டு. 2018 முதல் வெளிவந்த தமிழ்ப் பாடநூல்களில் இயலின் தொடக்கத்தில் 'கற்றல் நோக்கங்கள்' எனச் சில வரிகள் இருக்கும். எத்தனை ஆசிரியர் அவற்றை வகுப்பிற் படிக்கின்றோம்? யான் படித்ததில்லை. ஒப்புக்கொள்கின்றேன்.

அயலவர் தந்ததா இது?

'இஃது அமெரிக்கச் சரக்கு. நமக்கு வேண்டா' என்பார் நம்முள் உளர். அவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நலம். பவணந்தியார் அங்கே நூலின் இயல்பையும் ஆசிரியன் இயல்பையும் கற்பிக்கும் முறையையும் மாணாக்கன் இயல்பையும் கற்கும் முறையையும் கூறியதோடு அமையவில்லை. கற்றதன் அளவையும் கூறினார். ஒரு நூலை இருமுறை கேட்டவன் அதனிற் பெரிதும் பிழைபடான். மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைப்பான் என்றார். ஆசிரியன் சொன்னதை முழுமையாகக் கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெற்றவனாவான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதனால் எஞ்சிய இரு காற்பங்கும் வரும் என்றும் கணக்கிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னர், 13ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட கருத்து இது. 'அறிவான்' என்று சொல்லி நிறுத்தவில்லை அவர், 'உரைப்பான்' என்றார். உரைத்தல் கண்டறியத்தக்க செயல். அதுவே கற்றான் என்பதற்குச் சான்று.

அந்நூலே காண்டிகை உரைக்கு ஐந்துறுப்புச் சொல்கின்றது: கருத்துரைத்தல், சொற்பொருள் கூறல், எடுத்துக்காட்டல், வினா, விடை என்பன அவை. உரையாசிரியனுக்கு வகுத்த இவ்வைந்தையும் மாணவனுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு பாட்டைக் கொடுத்தால் அதன் கருத்தை ஒரு தொடரில் சொல்கின்றானா? அருஞ்சொற்குப் பொருள் சொல்கின்றானா? ஒத்த இடமொன்றை வேறு நூலிலிருந்து காட்டுகின்றானா? அதன்மேல் ஒரு வினா எழுப்புகின்றானா? அவ்வினாவிற்குத் தானே விடை காண்கின்றானா? ஒன்றினொன்று உயர்ந்த ஐந்து படிகள்; ஐந்தும் செவியாற் கேட்கவும் கண்ணாற் காணவும் தக்கவை. தமிழ் வகுப்பறைக்கு 'கே1' முதல் 'கே6' வரை கடன் வாங்கி ஒட்டுதல் எற்றுக்கு?

எம்மூர் மேலகரத்திற்கும் இதன்கண் ஒரு பங்குண்டு. திருவாவடுதுறை மடத்தின் தலைவராயிருந்த சுப்பிரமணிய தேசிகர் மேலகரத்தவர். அம்மடத்திலேதான் மீனாட்சிசுந்தரனார் பாடம் சொன்னார், உ.வே.சாமிநாதர் கேட்டார். முதன்முதல் தம்முன் வந்த இளைஞராகிய சாமிநாதரைத் தேசிகர் பாடல் சொல்லச் செய்து, பொருளும் கேட்டே மதித்தார். 1880இல் சாமிநாதர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஆனபோது, பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. தேசிகர் தந்த நற்சான்று இருந்தது. கட்டங்களை எண்களால் நிரப்பி எழுதிய சான்றன்று அது. மாணவன் பாடக் கேட்டு, பொருளுரைக்கக் கேட்டு, ஆண்டுக்கணக்காக உடனிருந்து கண்டவர் எழுதியது. அளத்தல் நம் மரபிற்கு அயலன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இப்போது நிகழ்வது

அங்ஙனமாயின் இற்றை முறையில் குறை யாது? மூன்று குறைகளைச் சொல்வேன்.

முதலாவது, காணவியலாத வினைகள். அறிந்துகொள்வர், உணர்வர், தெளிவு பெறுவர், ஆர்வம் கொள்வர் என்னும் இவை யாவும் உள்ளத்தின் உள்ளே நிகழ்வன. உள்ளே நிகழ்வதை எவ்வாறு காண்பது? 'நிகழ்ந்தது' என்று ஆசிரியர் எழுதினால் மறுப்பார் யார்? 'நிகழவில்லை' என்று மாணவி சொன்னால் ஏற்பார் யார்? யாரும் பொய்யென்று மெய்ப்பிக்க முடியாத உறுதிமொழியே யாவர்க்கும் எளிய உறுதிமொழி. அதனாலேதான் அவ்வினைகள் எங்கும் நிறைந்துள்ளன.

இரண்டாவது, மொழி. தமிழ்ப் பாடத்தின் விளைவையே முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, ஆக்க இயலாதவற்றை ஆங்கிலமாகவே விட்டுவிடுகின்றனர். மதிப்பிட வருவோர்க்காக எழுதுகின்றனரேயன்றி மாணவர்க்காக எழுதவில்லை. இதன் தீங்கு சொற்றூய்மையளவில் நிற்பதன்று. ஆங்கிலத்தில் எண்ணி எழுதப்படும் விளைவுகளில், தமிழுக்கே உரிய திறன்கள் இடம்பெறா. லகர ளகர ழகர வேறுபாடு எந்த அயல்மொழிப் பட்டியலில் வரும்? வல்லொற்று மிகும் இடமும் மிகா இடமும் எப்பட்டியலில் வரும்? பிறமொழிச் சொல்லை இனங்கண்டு களைதல் எங்கே வரும்? பட்டியலில் இல்லாதது வினாத்தாளில் இராது. வினாத்தாளில் இல்லாதது வகுப்பில் இராது. வகுப்பில் இல்லாதது ஒரு தலைமுறையில் நாட்டிலும் இராது. மொழி அழிவதற்குப் பகைவர் படையெடுப்பு வேண்டுவதில்லை. இவ்வாறு ஒரு பட்டியலில் விடுபட்டாலே போதும்.

மூன்றாவது, பணமும் தரப்பட்டமும் அளவோடு பிணைக்கப்பட்டமை. இதன் விளைவை உலகம் முன்னரே கண்டிருக்கின்றது. 1862இல் இங்கிலாந்தில் இராபர்ட்டு உலோ என்பவர் ஒரு முறையைக் கொணர்ந்தார். பிள்ளைகள் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறிய அளவிற்கே பள்ளிக்கு நல்கை என்பது அது. நிகழ்ந்தது யாது? பள்ளிகள் அம்மூன்றையன்றிப் பிறவற்றைச் சுருக்கின. பிள்ளைகள் பாடநூலை முழுதும் மனப்பாடம் செய்து, ஆய்வாளர் முன் படிப்பார்போல் ஒப்பித்தனர். பாவலரும் பள்ளி ஆய்வாளருமாகிய மேத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாக எதிர்த்தார். முப்பதாண்டுகள் கழித்தே அம்முறை அங்கு ஒழிந்தது. ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திலும் அதே முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறையில் இருந்தது. நம் பள்ளிகளின் மனப்பாடப் பழக்கத்தைக் கூறுவோர் இதனையும் கருதுதல் வேண்டும்.

இற்றை நாளிலும் கல்லூரியின் தரப்பட்டத்தைப் பொறுத்தே பல உரிமைகளும் நல்கைகளும் வருகின்றன. 2025 பிப்பிரவரியில் ஆந்திர மாநிலக் கல்வி நிறுவனம் ஒன்றன் மதிப்பீடு தொடர்பான கையூட்டு வழக்கில், நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை நடுவண் புலனாய்வுத் துறை சிறைப்படுத்தியதைச் செய்தித்தாள்களிற் படித்தோம். அளவுகோலின் முனையில் பணத்தைக் கட்டினால், அளக்கப்படுவது கல்வியாயிராது. ஆகலின், 3, 2, 1 என்னும் கட்டங்களை ஓரிரவில் உய்த்தறிந்து நிரப்பும் ஆசிரியரை மட்டும் யான் குறைகூறேன். பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களும் கைப்பேசியிற் பதிவிடும் வேலைக்கிடையே பாடம் நடத்துகின்றோம். குறை ஆளிடத்தில் இல்லை, பிணைப்பில் உள்ளது.

எழுதுமாறு

குறை கூறுதல் எளிது. எழுதிக் காட்டுதல் வேண்டும். செயல், சூழல், அளவு என்னும் மூன்றும் அமைய, அம்மாணவியின் நூலில் இருந்த முதற்றொடரை யான் இவ்வாறு மாற்றினேன்:

முன்னர்க் கண்டிராத நேரிசை வெண்பா ஒன்றைக் கொடுத்தால், நூலைப் பாராமல், அரைமணி நேரத்திற்குள் பதினைந்து சீரையும் அலகிட்டு, பதினான்கு தளைகளுள் பன்னிரண்டையேனும் பிழையின்றிக் கூறி, ஈற்றுச்சீரின் வாய்பாட்டையும் எழுதுவர். வேண்டுமென்றே ஓரிடத்தில் தளை பிழைக்க வைத்திருப்பின், அதனைச் சுட்டித் திருத்துவர்.

பழைய தொடர் ஒரு வரி; புதியது நான்கு வரி. ஆயினும் பழையது எதனையும் சொல்லவில்லை. புதியதைப் படிக்கும் மாணவிக்குத் தான் செய்யவேண்டுவது விளங்கும். ஆசிரியர்க்கு வினாத்தாள் எழுதுமாறு விளங்கும். பெற்றோர்க்கும் கல்லூரி கொடுத்த வாக்கு விளங்கும்.

மற்றுமொன்று. 'சிற்றிலக்கிய வகைகள் பற்றிய அறிவைப் பெறுவர்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். எம்மூரில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியைக் கொண்டே அதனை மாற்றலாம்: குறவஞ்சியின் ஏதேனும் ஒரு பகுதியைக் கொடுத்தால், அது தலைவன் உலாவா, வசந்தவல்லி மையல் கொள்ளுதலா, குறத்தி குறி கூறுதலா, சிங்கன் சிங்கியைத் தேடுதலா என்று இடங்கண்டு, அவ்வாறு கொண்டமைக்குரிய இரு சான்றுகளை அப்பகுதியினின்றே எடுத்துக் காட்டுவர். நாற்பது பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்தவன் இதில் தேற மாட்டான். நூலைப் படித்தவனே தேறுவான்.

பள்ளி வகுப்புகளுக்கும் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு முடிவில், இதுவரை படித்திராத நூறு சொல் அளவிலான கதையை வாய்விட்டுத் தடையின்றிப் படித்து, ழகரமும் ளகரமும் மயங்காமல் ஒலித்து, கேட்கப்படும் மூன்று வினாக்களுள் இரண்டிற்கேனும் தன் சொற்களால் விடை கூறுவர். எட்டாம் வகுப்பு முடிவில், ஒற்று நீக்கி எழுதிய இருபது தொடர்களைக் கொடுத்தால், பதினாறிலேனும் வல்லொற்று மிகும் இடமும் மிகா இடமும் கண்டு எழுதுவர். பத்தாம் வகுப்பு முடிவில், தேர்வு அறையிலேயே முதன்முதல் அறிவிக்கப்படும் ஒரு தேவையைக் குறித்து, உரிய அலுவலர்க்கு நூற்றிருபது சொல்லில், மூன்று பிழைக்கு மேற்படாமல், அரைமணி நேரத்தில் வேண்டுகை மடல் எழுதுவர். அதே வகுப்பில், அன்றைய செய்தித்தாளின் பத்து வரிகளைக் கொடுத்தால், அவற்றிலுள்ள பிறமொழிச் சொற்களை இனங்கண்டு, அவற்றுள் முக்காற்பங்கிற்கேனும் பொருள் திரியாமல் தமிழ்ச்சொல் இட்டு எழுதுவர்.

இவற்றை அளப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய சிற்றூர்ப் பள்ளிக்கல்வி ஆய்வில், பிள்ளையை வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, எழுத்து, சொல், எளிய பத்தி, சிறுகதை என நான்கு படியுள்ள ஒரே தாளைப் படிக்கச் சொல்கின்றனர். சில மணித்துளிகளில் பிள்ளையின் நிலை விளங்கிவிடுகின்றது. 2022இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், எட்டு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்னும் தெளிந்த இலக்கோடு தொடங்கியதே. இலக்குத் தெளிவாயிருந்தால், எய்தினோமா என்று கேட்கவேனும் இயலும்.

அளவிற்கு அகப்படாதவை

'தமிழ்ப்பற்றை அளக்க முடியுமோ? பாட்டின் சுவையை அளக்க முடியுமோ?' என்று என் நண்பராகிய மூத்த தமிழாசிரியர் ஒருவர் சினந்தார். முடியாதென்பதே என் விடை. திரிகூடராசப்பரின் வண்ணத்தைக் கேட்டு ஒரு பிள்ளையின் நெஞ்சு துள்ளுவதற்கு அளவுகோல் இல்லை. குற்றாலத்துச் சாரல் உடலில் படும்போது உண்டாகும் சிலிர்ப்பை மழையளவுமானி காட்டாது. ஆயின் அதனால் மழையை அளக்கவே கூடாதென்று உழவன் சொல்வானோ?

அளக்கவியலாதவற்றை வேறாக எழுதுவோம். 'இப்பாடத்தால் யாம் விழைவன' எனத் தலைப்பிட்டு, பற்று, சுவை, மானம் ஆகியவற்றை அங்கே எழுதுவோம். எண் இடாமல் விடுவோம். அளக்கத்தக்கவற்றை அளந்து எழுதுவோம். இரண்டையும் கலந்து, அளக்கவியலாததற்கு 3 என்று எண்ணிடுதல் பொய். அளக்கத்தக்கதைப் பற்று என்னும் திரைக்குப்பின் மறைத்தல் அதனினும் பெரிய பொய். அம்மாணவனிடத்தில் தமிழ்ப்பற்று நிறைய இருந்தது. மேடையில் தமிழ்வாழ்த்துப் பாடியவன் அவன். மடல் எழுதத்தான் வரவில்லை. அவனுடைய பற்றைக் காட்டி என் குறையை யான் மறைத்துக்கொள்ளலாமோ?

தாய்மொழியில் தன் துயரை எழுதத் தெரியாதவன், அலுவலக வாயிலில் 200 உருபா கொடுத்து எழுதுவிக்கின்றான். பின்னர்த் தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகின்றான். தமிழ் படித்துத் தனக்கு என்ன வந்தது என்னும் அவன் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மேடையில் எத்துணை முழங்கினும் அவ்விடை வாராது. வகுப்பறையில் அவன் பிள்ளைக்கு வரும் திறனே அவ்விடை.

நாம் செய்யத்தக்கது

சங்கரன்கோவிலிற் பிறந்த பாவாணர் பன்னெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியராயிருந்தவர். சொல்லாய்வின் பெருமலையாகிய அவர் காலூன்றியிருந்த நிலம் வகுப்பறை. நம் இயக்கத்தின் வேரும் அங்கேயே இருத்தல் வேண்டும்.

ஆகலின், இதனைப் படிக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தாம் நடத்தும் பாடங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஐந்து விளைவுகளைத் தமிழில் எண்ணித் தமிழில் எழுதுக. ஒவ்வொன்றிலும் செயல், சூழல், அளவு மூன்றும் உளவா என்று பார்க்க. எழுதியதை வகுப்பின் முதல்நாளிலேயே மாணவர்க்குப் படித்துக் காட்டுக. திங்கள்தோறும் ஒன்றை அளந்து பார்த்து, எய்தாதாரை மீண்டும் பயிற்றுக. எண்ணிக்கையை மேலிடத்திற்கு அனுப்புவதன் முன்னர்த் தம் நெஞ்சிற்கு அனுப்புக. கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நம் அன்பர்கள், தமிழ்ப் பாடத்தின் விளைவுகள் தமிழிலேயே எழுதப்பெறுதல் வேண்டும் என்றும், மதிப்பிட வருவோர் அவற்றைத் தமிழிலேயே படித்து மதிப்பிடுதல் வேண்டும் என்றும் உறுதியாகக் கேட்க. ஆசிரியரல்லாத அன்பர்கள் தம் தெருப்பிள்ளை ஒன்றை மாலையில் அழைத்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, ஒரு மடல் எழுதச் சொல்லிப் பார்க்க. அப்பிள்ளையின் தடுமாற்றம், பிறர் எழுதிய பத்துக் கட்டுரைகளினும் மிகுதியாக உண்மையைச் சொல்லும்.

அம்மாணவி மறுநாள் வந்தாள். யான் எழுதி வைத்திருந்த வெண்பா ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் அடியில் ஒரு தளையைப் பிழைக்க வைத்திருந்தேன். திண்ணையில் அமர்ந்து அலகிட்டாள். முதன்முறை அவள் பிழையைக் காணவில்லை. அடுத்த கிழமை வேறொரு பாட்டைக் கொடுத்தேன். அப்போதும் இரு தளைகளிற் பிழைபட்டாள். நான்காம் பாட்டில், எழுதுகோலை ஓரிடத்தில் ஊன்றி நிமிர்ந்தாள். "ஐயா, இங்கே காய்முன் நிரை வந்திருக்கிறது. வெண்பாவில் இது வராது. நேரசையில் தொடங்குகிற சொல்லை இட வேண்டும்" என்றாள்.

"நீ கேட்ட வினாவிற்கு விடை கிடைத்ததா அம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். ஆம், அறிந்துகொண்டாள். அதனை இப்போது அவளும் அறிவாள், யானும் அறிவேன்.